தாழைத்துறையின் விருந்து விலை

நலம் பெருகுக. மழை தவறாதிருக்க. சேண்குன்ற நாட்டு ஆறுகள் அனைத்துக்கும் இறைவியும், யானைப் படையின் தலைவியும், பகைவர் மதில் கடந்தவரும், குடிகளுக்குத் தாயும் ஆகிய நெடுங்குடை மாதேவியாரின் திருமுன், தாழைத்துறை நகர அமைச்சன் நன்னாகன் தலை தாழ்த்தி எழுதுவிக்கும் ஓலை. மாதேவியாருக்கு உரிய பட்டங்கள் இன்னும் பல உள்ளன என்பதை நகரம் மறக்கவில்லை. ஓலைக் கட்டின் விலை ஏறிக்கொண்டே போக, எழுத்தனின் சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதால், அவற்றை மனத்தால் சொல்லிக்கொண்டு கையால் விட்டுவிட்டோம். பொறுத்தருள்க.

தலைநகரின் மாடங்களும், அங்காடிகளும், அரண்மனைக் குதிரைகளும் நலமே வாழ்க. தாழைத்துறையும் இருக்கிறது.

எழுத வந்த செய்தி கீழை வாசல் காவலன் அழிசியைப் பற்றியது. ஒரு வாசற்காவலனுக்காக மாதேவியாருக்கு ஓலை போவது முறையன்று என்று சபையில் இருவர் சொன்னார்கள். முறையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் நகரம் இந்த நிலைக்கு வந்தது என்பதால், அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஓலையை எழுதச் சொல்லிவிட்டான் அமைச்சன்.

மாதேவியாரின் பாட்டனார் முன்னொரு காலத்தில் தாழைத்துறைக்கு எழுந்தருளியபோது, அங்காடியில் அவர் கேட்ட பொருளுக்கெல்லாம் ஊரார் அன்பு மிகுதியால் பாதி விலை சொன்னார்கள். விருந்தாளியிடம் முழு விலை சொல்ல இந்த ஊருக்கு வாய் வராது. பாட்டனார் முகம் மலர்ந்து, இத்தனை மலிவான ஊரில் இருப்போருக்கு இந்தச் சம்பளம் போதும் என்று ஓர் அளவு வகுத்துப் போனார். அன்று முதல் ஆண்டுக்கு ஒருமுறை விலை காணும் அதிகாரி தலைநகரிலிருந்து வருகிறார். அங்காடியில் நடந்து விலை கேட்கிறார். அவர் கேட்டு எழுதிய விலையை வைத்தே வாசற்காவலர், கால்வாய் ஆட்கள், தெருவிளக்கு ஏற்றுவோர், எழுத்தர் என அரசுப் பணி செய்வோர் அனைவருக்கும் அவ்வாண்டுச் சம்பளம் அமைகிறது. ஊராரும் அந்த ஒரு நாள் மட்டும் பாதி விலை சொல்லி வருகிறார்கள். அதற்கு விருந்து விலை என்று பெயர். உள்ளூரார் எவரும் அன்று எதையும் வாங்குவதில்லை. விருந்தாளிக்குப் போட்ட இலையில் வீட்டார் கை வைக்கலாமா என்று கேட்பார்கள். மறுநாள் விடிந்ததும் விலை தன் இடத்துக்கு ஏறிக்கொள்ளும். வணிகருக்கு இதில் நட்டமில்லை, சம்பளக்காரருக்கு ஆண்டு முழுவதும் நட்டம். இது தெரியாதவர் ஊரில் ஒருவரும் இல்லை. முதலில் நிறுத்துவது யார் என்பதில்தான் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாழைத்துறை பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. வாடகை பெரிய ஊர் வாடகை. சம்பளம் சின்ன ஊர்ச் சம்பளம். நடுவில் கிடப்பவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காலம் தள்ளுகிறார்கள்.

அழிசியும் அப்படித் தள்ளியவன்தான். அவன் மனைவி வெண்ணி அங்காடியில் நல்லெண்ணெய் விற்பவள். நாழி எண்ணெய்க்கு அவளுக்குக் கிடைக்கும் மிச்சம் வீட்டு விளக்குக்குச் சரியாகப் போய்விடும்; மற்றதெல்லாம் அழிசியின் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். இருவருக்கும் ஒரு மகள், இன்னும் பால் பல் விழாத வயது. குடியிருந்த வீட்டுக்காரர் தை பிறந்ததும் வாடகையைக் கூட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல வழியில்லை. கூரைக்கு ஓடு மாற்ற அவரும் ஊர் விலைதான் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டும் சம்பளம் ஏறாவிட்டால், வெண்ணி மகளோடு தலைநகருக்குப் போய் அரண்மனை மடைப்பள்ளியில் வேலைக்குச் சேர்வது, அழிசி காவற்கொட்டடியில் படுத்துக்கொள்வது என்று கணவனும் மனைவியும் பேசி முடித்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பதா பிரிவதா என்பது விலை காணும் அதிகாரியின் எழுத்தாணியில் இருந்தது.

அதிகாரி வருவதற்கு முதல் நாள், இந்த முறை உண்மை விலையைச் சொல்லிவிடப் போவதாக வெண்ணி கணவனிடம் சொன்னாளாம். அழிசி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேல் நுனியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பேசாமல் இருந்ததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டதாகப் பின்னால் சொன்னான்.

விலை காணும் அதிகாரி கீரந்தையார் கீழை வாசல் வழியே நகர் புகுந்தார். விருந்தாளி எந்த வாசலில் நுழைகிறாரோ அந்த வாசற்காவலன் அவருக்குப் பின்னே வேலேந்தி அங்காடி முழுவதும் உடன் நடக்க வேண்டும் என்பது நகர வழக்கம். ஆகவே அழிசி அவர் பின்னே நடந்தான். அரிசிக் கடையில் பாதி விலை சொன்னார்கள், புளிக் கடையிலும் விறகுக் கடையிலும் அப்படியே சொன்னார்கள். கீரந்தையார் எழுதிக்கொண்டே வந்து வெண்ணியின் பானைகளின் முன் நின்று, நாழி எண்ணெய் என்ன விலை என்று வினவினார். வெண்ணி எழுந்து நின்றாள்.

"ஐயா, இன்னிக்கு மட்டும் நாழி அரைக்காசு. நாளைக்கு வந்து கேளுங்க, ஒரு காசு. எங்க வீட்டுக்காரர் நாளைக்கும்தானே சாப்பிடணும்? அவருக்கு எந்த நாள் விலைக்குச் சம்பளம் போடப் போறீங்க?"

வணிகர் தலைவர் ஓடி வந்து, அந்தப் பெண்ணுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது, அவள் பேச்சைப் பொருட்படுத்த வேண்டா என்று வணங்கிக் கேட்டுக்கொண்டார். கீரந்தையார் கெட்டவர் அல்லர். எழுதாமல் நின்று யோசித்தார். பிறகு திரும்பி, தமக்குப் பின்னே நின்ற காவலன் அவளுடைய கணவனே என்று அறிந்து, உன் மனைவி சொல்வது உண்மையா, எண்ணெய் நாளை ஒரு காசா என்று அவனையே கேட்டார். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதையே எழுதியிருப்பேன் என்று கீரந்தையாரே பின்னர் அமைச்சனிடம் சொன்னார்.

அழிசியை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் அவன்தான் அந்த மனிதரைக் கும்பிட்டு வாசலுக்குள் அழைத்தவன். உங்களுக்குக் காட்டிய மரியாதை முழுவதும் பொய் என்று அதே மனிதரிடம் நடுத்தெருவில் எப்படிச் சொல்வது என்று ஒரு நினைப்பு. இன்னும் ஓர் ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று இன்னொரு நினைப்பு. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்குத் தெரியாதுங்க. கடை கண்ணிக்குப் போறது அவதான்."

வெண்ணி உட்கார்ந்துவிட்டாள். கீரந்தையார் அரைக்காசு என்று எழுதிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார். அழிசியும் வேலேந்தி அவர் பின்னே நடந்தான்.

அங்காடி விலைக்கு மேல் விலை சொன்ன குற்றத்துக்காக வெண்ணியின் கடையை அடைக்கும்படி வணிகர் சபை விதித்தது. அந்த ஓலையில் அமைச்சன் முத்திரை வைத்தான். சட்டப்படி வைத்தாக வேண்டும். சில நாளில் சம்பள ஆணை பறையறைந்து அறிவிக்கப்பட்டது. சென்ற ஆண்டு என்னவோ அதுவே இந்த ஆண்டும். பறை ஓய்ந்ததும் மக்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

தை பிறந்ததும் வெண்ணி புறப்பட்டாள். தலைநகராகிய சேண்குன்றத்துக்குப் போகும் சாலை கீழை வாசலில் தொடங்குகிறது. மூட்டையோடு வெளியே போகும் எவரையும் நிறுத்தி, பெயர் என்ன, போவது எங்கே, திரும்புவது எப்போது என்று மூன்று கேள்வி கேட்க வேண்டியது வாசற்காவலனின் கடமை. முகம் தெரிந்தவரானாலும் விலக்கில்லை. அழிசி கேட்டான். மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெண்ணி அவனை அயலாரைப் பார்ப்பது போலப் பார்த்து, ஒவ்வொன்றாக விடை சொன்னாள்.

"பேரு வெண்ணி. போறது சேண்குன்றம். எப்போ திரும்புவேன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவன் வேலை விலக்கி வழிவிட்டான். அவளுக்குப் பின்னால் ஒரு வண்டிக்காரர் காத்திருந்தார். அவரிடமும் மூன்று கேள்வியைக் கேட்டான்.

அதன் பிறகு அழிசி வழக்கம்போல் காவல் நின்றான், கொட்டடியில் படுத்தான். நாள் தவறாமல் வந்தான், ஒருவரிடமும் முகம் சுளிக்கவில்லை. மாசி பிறந்து சம்பளம் வாங்கிய அன்று அமைச்சனின் சபைக்கு வந்து, வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேளாமலே சொன்னான்.

"நாழி எண்ணெய் ஒரு காசுங்க. அரிசி, விறகு, வாடகை எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டுல நாங்க வேற எதைப் பேசியிருக்கோம்?"

சபையில் இருந்தவர்களும் விலை தெரிந்தவர்களே. அவனுக்கு உட்கார இடம் காட்டிவிட்டு, அமைச்சன் எழுத்தனை அழைத்தான்.

மாதேவியாரிடம் நகரம் வேண்டுவது ஒன்றே. விலை காணும் அதிகாரி அடுத்த முறை வரும்போது, தாழைத்துறையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தம் கைக்காசில் வாங்கி உண்டபின் எழுத்தாணியை எடுக்குமாறு ஆணையிட்டருள்க. விருந்தாளியைத் தங்க வைக்க இந்த ஊர் என்றும் தயங்கியதில்லை. அதுவரை பொறுக்கலாகாதெனில், இவ்வோலையைக் கொண்டு வருபவன் அழிசியே. அவனிடம் விலை கேட்டருள்க. இம்முறை சொல்வான்.

வழிச் சாவடியார்க்கு ஆணை: இவனைத் தடுக்கவும் வேண்டா, இவனிடம் சுங்கம் கேட்கவும் வேண்டா, கையில் ஒன்றுமில்லை. அரண்மனை மடைப்பள்ளி வாயிலோர்க்கு வேண்டுகோள்: இவன் அங்கு ஒருத்தியைக் காண விரும்பினால் விடுக. அவள் காண விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டா.

தாழைத்துறை நகரத்தின் மீன் முத்திரை இட்டு, மாசித் திங்கள் வளர்பிறையில், நன்னாகன் கைச்சாத்து. இவன் இடத்தில் காவலுக்கு ஆள் வேண்டுமென்று பறையறைந்தும் இந்தச் சம்பளத்துக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. கீழை வாசலில் இவனை நிறுத்திக் கேட்க ஆள் இல்லாமையால், மூன்று கேள்விக்கும் விடையை இங்கேயே எழுதுவிக்கிறோம். பெயர் அழிசி. போவது சேண்குன்றம். திரும்புவது எப்போது என்பதை மாதேவியார் சொல்லியருள்க.