உன் பெட்டியை அணைத்துவிட்டோம், அண்ணே

என்னோடு சண்டை போட்டே வளர்ந்த என் செல்வம் அண்ணனுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ மென்பொருள் கட்டிய முறையை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் இரண்டு வாரம் என்னிடம் பேசியிருக்க மாட்டாய். இப்போதும் பேசாமல்தானே இருக்கிறாய், அதனால் எனக்குப் பயமில்லை.

பார்வையற்றவர்களுக்குத் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துக் காட்டும் மென்பொருளை எழுதினாய். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிரலை மூன்றுக்கும் நிறுவத்தக்க பொட்டலமாக்கும் வேலை மட்டும் திண்டுக்கல்லில், நம் வீட்டுக் கூடத்து மூலையில், உன் பழைய கம்ப்யூட்டரில்தான் நடக்கும். கேட்டால் "இதுல மட்டுந்தான் ஒழுங்கா வரும்" என்பாய். எதற்குப் பின் எது என்று ஒரு வரியாவது எழுதிவைத்தாயா? அளவு சொல்லாத பிரியாணி மாஸ்டர் மாதிரி எல்லாவற்றையும் கைக்குள்ளேயே வைத்திருந்தாய்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் நீ ஒட்டியிருந்த 'அணைக்காதீர்கள்' சீட்டு மட்டும் இருந்தது. அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிவருவாள். சின்னாளப்பட்டியில் சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. இதற்காகவா அந்தச் சீட்டை ஒட்டினாய்?

ஆயக்குடி சரசுவதி டீச்சரை நினைவிருக்கிறதா? பாடப் புத்தகத்தை உன் மென்பொருளில் கேட்டுக் கேட்டு வகுப்பெடுப்பவர். பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் இருக்கும்போது போன் செய்தார். "ஏனுங்க கண்ணு, புதுக் கம்ப்யூட்டரு உங்க அண்ணனோடத உள்ளயே விடமாட்டேங்குதுங்க" என்றார். புதிய பொட்டலம் வேண்டும். அதைக் கட்டத் தெரிந்தவன் போய்விட்டான்.

உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டும் கட்டளைகள் முழுக்க 'செல்வம்' கோப்புறையைத்தான் தேடின. உன்னோடு சேர்ந்து இந்த மென்பொருளை எழுதிவந்த நம் குழுவில், வேறு இடத்தில் கட்ட முயன்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? தங்கள் கம்ப்யூட்டரில் உன் பெயரில் ஒரு கணக்கு திறந்து, அதற்குள் நுழைந்து முயன்றிருக்கிறார்கள். ஒருவருக்கும் அது கோணலாகப் படவில்லை. உன் கல்லூரித் தோழர் முருகேசன் அண்ணன் நீ போன பிறகும் அதை ஒரு பூசை மாதிரிதான் செய்துவந்தார்.

எல்லா இடத்திலும் உன் பெயரை நீக்கினேன். முருகேசன் அண்ணன் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பேரையும் எடுத்துட்டா அவன் எங்கேம்மா இருப்பான்?"

"அவன் பேர்ல உள்ள நொழைஞ்சு, நாம எம்புட்டு நாளைக்குண்ணே அவனாவே நடிக்கிறது?"

அவர் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார். நான் இறங்கிவரவில்லை. இனி யார் ஒரு வரியைத் திருத்தினாலும், இணையத்தில் எங்கேயோ ஒரு புத்தம்புதுக் கணினி ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி, எழுதிவைத்தபடி மூன்று பொட்டலங்களையும் தானே கட்டவேண்டும். அதுதான் என் பிடிவாதம்.

முதன்முதலாக அப்படிக் கட்டியதில் குரல் வந்தது. ஆனால் 'சித்தையன்கோட்டை' என்ற ஊர்ப்பெயரைக் கடித்துக் குதறியது. தேடினேன். நீ ஒவ்வொரு பெயராகத் தட்டிய உச்சரிப்பு அகராதி உன் பெட்டியில் மட்டும் கிடந்தது. நிரலோடு சேர்க்கவே இல்லை. வேறெங்கும் ஒரு நகல் கிடையாது. அந்த ஒரு டிஸ்க் போயிருந்தால் உன் அத்தனை வருட உழைப்பும் போயிருக்கும். உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன், அண்ணே. முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ தட்டிய பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, அதை நிரலோடு சேர்க்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிச் செய்தார்.

பள்ளி திறக்குமுன் டீச்சர் கம்ப்யூட்டரில் அது ஓடியது. போனிலேயே ஒரு பக்கம் வாசிக்கவிட்டுக் கேட்கச் செய்தார். அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டாள். பிறகு மூலையைப் பார்த்து, "அப்ப இத அணைச்சிரலாமாத்தா?" என்றாள்.

அவளே அணைத்தாள். அந்த விசிறிச் சத்தம் நின்றதும் வீடு எப்படியோ இருந்தது. சீட்டைக் கிழித்தது நான். மறுநாள் காலை சின்னாளப்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

கோபித்துக்கொள், பரவாயில்லை. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மென்பொருளில் என் பெயரில் ஒரு கோப்புறைகூட இருக்காது. நாளை நான் இல்லாமல் போனாலும் டீச்சருக்குப் புதிய பொட்டலம் போய்ச் சேரும். எனக்காக யாரும் எந்தப் பெட்டிக்கும் காவல் இருக்க வேண்டியதில்லை.

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத,
உன் கூடப்பிறந்தவள்.