மாலைக்கு ஆகாத பூ

மோகன் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

குன்னூரில் நான் சமைக்கும் பங்களாத் தோட்டம் முழுக்க ஹைட்ரேஞ்சியா என்று ஒரு பூ. நீலம், ரோஸ், ஊதா, வெள்ளை என்று பந்து பந்தாகப் பூத்திருக்கிறது. மண்ணுக்குத் தக்கபடி நிறம் மாறுமாம்.

நம் மோகன் திதிக்கு லீவு கேட்டேன். "சீசன் முடியட்டும்" என்றார் முதலாளியம்மா. இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அந்தப் பூவிலாவது பிள்ளைக்கு மாலை கட்ட உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, முட்டைக்கோசுல மாலை கட்றியா?" என்று ஆவடிக்காரத் தோட்டக்காரர் பால்ராஜ் சிரித்தார். நானும் சிரித்தேன். நாரில் நிற்காமல் உதிர்ந்துவிட்டது. வாசனையும் இல்லை.

கள்ளிக்குப்பம் கடையில் மல்லி வாங்கி, பேத்தி கையால் அவள் அப்பா படத்துக்குப் போடச் சொல்லுங்கள். என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். வருகிற குளிருக்கும் நான் இங்கேதான்.

பால் பொங்குகிறது.

ஜெகதாம்பாள்