கேட்க விடாத வேகம்

செவ்வாய், இரவு.

எங்கள் தாம்பரம் லேபில் நோயாளியின் எண்ணைத் தட்டினால் விவரம் வர அரை நிமிடமாகும். பழைய டேட்டாபேஸ். பாதிப் பதிவுகள் ஒரே பிரிவில் குவிந்து கிடந்ததால் ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தது. நேற்று பிரிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, பதிவுகளைப் பிரித்து அடுக்கினேன். இன்று காலை தட்டியதுமே பெயர் வந்து நின்றது. "சூப்பர் தம்பி!" என்றார் கவுண்டரில் இருக்கும் ரெஹானா அக்கா. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் போன். அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "எங்கப்பா பொங்கல் சாப்ட்டுட்டு வந்து வெறும் வயித்து சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்திருக்காரு. நீங்க கேக்க மாட்டீங்களா? ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டிட்டாரு."

உடனே டாக்டரிடம் பேசச் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார். முகம் வெளிறியிருந்தது. "முன்னாடியெல்லாம் ஸ்கிரீன் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாம, சாப்ட்டீங்களான்னு கேட்டுடுவேன் தம்பி. இன்னிக்கு யாரையுமே கேக்கல."

அந்தக் கேள்வியை நாளை திரையிலேயே வைத்துவிடலாம். இன்று வந்துபோனவர்களை என்ன செய்வது? லேப்டாப்பில் அவர்களுடைய எண்களைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு பெயரும் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. யார் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்பது மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை.