எதிர்ப்பு சக்தி

பிப்ரவரி 6

இல்லை, வலி பெரிதாக இல்லை. அம்மாவின் சிறுநீரகம் நான்கு நாளாக என் அடிவயிற்றில். இன்று ஆன்டிபாடி ஊசியின் இரண்டாவது டோஸ்.

டாக்டர் சாமுவேல் சொன்னார்: “அந்நியமானதைத் தாக்கற டி செல்லுங்க ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டு ஆள் சேக்குமுங்க. இந்த மருந்து அதுங்க காதை அடைச்சுப் போடும்.”

அம்மாவை அந்நியம் என்று சொல்ல என் உடம்பு என்னைக் கேட்பதில்லை.

பிப்ரவரி 19

ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா என் வயிற்றோடு பேசுகிறாள். “புது ஊடு. அனுசரிச்சுப் போகோணும், தெரியுதா?”

“என் பேச்சைக் கேக்குமாம்மா?”

“என் பேச்சையே கேட்டதில்லை!”

பிப்ரவரி 27

தாராபுரத்திலிருந்து சீந்தில் கொடி வரவழைத்துக் கஷாயம் வைத்திருக்கிறாள். “ஊரே எதிர்ப்பு சக்தி வேணும்னு அலையுது. இவுங்க ஊசி போட்டுக் கொறைக்கறாங்களாமா! ரெண்டு மடக்கு, கண்ணு.”

நாட்டு மருந்து கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருக்கிறது. படித்திருக்கிறேன். ஆனால் உறுப்பையே கொடுத்தவள் நீட்டும் டம்ளர்.

குடித்தேன்.

மார்ச் 2

இன்றும்.

மார்ச் 9

கிரியேட்டினின் 1.1 இருந்தது. இப்போது 2.3; ஏறினால் சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். பயாப்ஸி எடுத்தார்கள்.

மார்ச் 10

டி செல்கள் சிறுநீரகத்துக்குள் புகுந்திருக்கின்றன. மூன்று நாள் ஸ்டீராய்டு. அதற்கும் அடங்காவிட்டால் அவற்றையே அழிக்கும் வேறொரு ஆன்டிபாடி.

“வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா, நவ்யா?”

அம்மா முந்திக்கொண்டாள். “ஊட்டுச் சோறுதானுங்க டாக்டர்.” கஷாயம் அவளுக்கு மருந்துக் கணக்கிலேயே இல்லை.

நானும் தலையாட்டினேன்.

மார்ச் 11

சொன்னா அவ உடைஞ்சு போயிருவா. சொல்லலைன்னா? கிட்னி போச்சுன்னா அவளுக்கு மிச்சம் ஒரு தழும்புதான். நான் யாரைக் காப்பாத்தறேன் — அவளையா, நல்ல மகள்ங்கற பேரையா?

மார்ச் 12

சொல்லிவிட்டேன், அம்மா இருக்கும்போதே.

“அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க,” என்றார் டாக்டர். “ஆனா இனி ஒரு சொட்டு கூடாது.”

வராந்தாவில் அம்மா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பிறகு: “கூடாதுன்னு தெரிஞ்சும் குடிச்சியா அம்மணி? வேண்டாம்னு எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நான் என்ன வெளியாளா?”



மார்ச் 17

கிரியேட்டினின் 1.4. இன்னொரு ஆன்டிபாடி தேவைப்படாது என்கிறார்கள்.

காலையில் அம்மா பொங்கலில் நெய் ஊற்ற வந்தாள். வேண்டாம்மா என்றேன். கரண்டி அந்தரத்தில் ஒரு நொடி நின்றது. பிறகு தன் தட்டில் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் சாப்பிட்டேன்.