உள்ளே துணி விடாத சட்டை

மார்ச் 3, செவ்வாய்

தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலையாகக் கிடக்கின்றன. கை ஓடவில்லை.

காலையில் இவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டையில் இருப்பது புண் இல்லை, கட்டி. அதுவும் கெட்ட கட்டி. அடுத்த வாரமே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. குரல்வளையில் ஒரு பகுதியை எடுத்தால் போதும் என்றால் குரல் ஓரளவு மிஞ்சும். முழுவதும் எடுக்க வேண்டியிருந்தால் கழுத்தில் துளை போட்டு, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு வராது. திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிற மனுஷன். இவர் வீட்டில் மெதுவாக ஏதாவது கேட்டால்கூட பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும். அந்தத் தொண்டையிலா?

வெளியே வந்ததும், இனிமேல் நீ பேசும்போது குறுக்கே பேச ஆள் இருக்காது, உனக்குக் கொண்டாட்டம்தான் என்று கரகரத்த குரலில் சீண்டினார். நான் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, புதன்

ஜெபிக்க உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மாதர் ஜெபக்கூட்டம். இவருக்காக என்னையே ஜெபிக்கச் சொன்னார்கள். "உமக்குச் சித்தமானால் இரங்கும், இல்லாவிட்டால் தாங்குகிற பெலனைத் தாரும்" என்று முடித்தேன். என்ன தாழ்மை என்று ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனாருக்கு மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேச வராது. திரும்பி வரும் வழியில் கேட்டேவிட்டாள். "அண்ணி, நீங்க அண்ணனுக்காக ஜெபிச்சீங்களா, இல்ல நாம ஏமாந்துடக் கூடாதுன்னு முன்னாடியே வழி பண்ணிக்கிட்டீங்களா?"

சுருக்கென்றது. அவளை விட்டு முன்னால் நடந்தேன்.

ஆனால் பொய்யா அது? எதைத் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பேன். உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஜெபத்திலும் அதே கைதான். குரலைக் காப்பாற்றும் என்று நேராகக் கேட்டு, ஆண்டவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்பேன்? கேட்காமலே இருந்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. இதற்குப் பெயர் தாழ்மையா? பயம். வெறும் பயம்.

மார்ச் 8, ஞாயிறு

ஆலயத்தில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. சிலுவையில் அறையப் பிடித்துப்போவதற்கு முன்பு ஒரு தோட்டத்தில் இயேசு முழங்கால் போட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் பயந்தார். வேர்த்துக் கொட்டியது. இது வேண்டாம், எடுத்துவிடும் என்று முதலில் வாய்விட்டுக் கேட்டார். அதற்குப் பிறகுதான் உமது சித்தப்படி ஆகட்டும் என்று ஒப்புக்கொடுத்தார். நான் முதல் பாதியைக் கத்தரித்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. அப்படியும் தையல் மெஷினை ஓடவிட்டுக்கொண்டே, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் கேட்டேன். ஜெபத்தில் சொல்கிற நீர், உமது எல்லாம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அந்தக் குரல் எனக்கு வேணும். எடுத்துடாதீங்க. உங்களால முடியும்." அவ்வளவுதான். பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்தவள் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தேன்.

அதே வேகத்தில் இவருக்கு ஒரு சட்டை வெட்டினேன். ஆலயத்துக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி, கழுத்துவரை பொத்தான் போடும் காலர். உள்ளே துணி விடவே இல்லை. கிறுக்குத்தனம்தான். நம்பினால் முழுசாக நம்ப வேண்டும் என்று ஒரு வீம்பு.

மார்ச் 12, வியாழன்

நாளைக்கு ஆபரேஷன்.

சட்டையைப் போட்டுப் பார்த்தார். கச்சிதம். கழுத்துப் பொத்தானை நானே போட்டுவிட்டேன். ஆண்டவரிடம் என்ன கேட்டேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பரவாயில்லையே. ஏலத்துல எவனாவது விலை கேக்கும்போது மென்னு முழுங்கினா நான் பெட்டியைத் தட்டுவேன். சத்தமா கேளுடான்னு அர்த்தம். உனக்கும் எத்தனையோ தடவை தட்டலாம்னு இருந்தேன்."

சிரித்தார். சிரிப்பு நின்றதும், "எனக்கும் பயமா இருக்கு" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

சாப்பிடும் முன் வழக்கம்போல் அவர்தான் ஜெபித்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. நான் கண்ணை மூடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

வாயைத் திறக்கிறார். காற்றுகூட அங்கிருந்து வரவில்லை, கழுத்தில்தான் சீறுகிறது. உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டரம்மா. நன்றி கெட்டவள் இல்லை நான். ஆனாலும் கேட்டேனே. நேராத்தானே கேட்டேன்? நாத்தனார் ஆலயத்துக்குக் கூப்பிட்டாள், போகவில்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, இனிமே உங்ககிட்ட ஒண்ணும் கேட்க மாட்டேன், போங்க என்றேன். யாரிடம் சொன்னேன்? அந்த ஆண்டவரிடமேதான். எந்த முகத்தோடு நிற்பேன் என்று பயந்தேனே, இந்த முகத்தோடுதான். அழுது வீங்கின முகம். எழுந்து போ என்று அவர் சொன்ன மாதிரி தெரியவில்லை. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 28, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். கழுத்துப் பொத்தான் சரியாகத் துளை மேல் வந்து உட்காரும். பிரித்து விட உள்ளே துணி கிடையாது. இவ்வளவு வருடம் தைத்தவள் செய்கிற வேலையா இது?

காலரை வெட்டி எடுத்தேன். முன்பக்கத்தைத் தாழ இறக்கி, துளையை மறைக்க மெல்லிய துணியில் ஒரு திரை தைத்தேன். பார்த்ததும் நாத்தனார் அழுதாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று, விரலால் திரையைத் தூக்கித் தூக்கி விட்டு அவளுக்கு வேடிக்கை காட்டினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாளைக்கு மறுபடி பரிசோதனை. எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இவர் வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் யாரும் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. அவர் உதட்டை அசைப்பார், நான் தலை குனிந்திருப்பேன். இன்று அவர் உதட்டை அசைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடினேன். சோற்றுக்கு நன்றி சொன்னேன். பிறகு, நாளைக்கு ஒன்றும் இருக்கக் கூடாது ஆண்டவரே, இவர் எனக்கு வேண்டும் என்று ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் மென்று முழுங்கினேன்.

அவர் மேசையைத் தட்டினார்.

மறுபடி கேட்டேன், பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி.