தரைக்குக் கீழே ஒரு சனிக்கிழமை

அருள்புரம்
3-6-2025

அன்புள்ள வேல்விழிக்கு,

நலமா? மாடிப்படியில் உங்களைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால் ஷட்டருக்கு அடியில் இக்கடிதம். நீங்களும் உடன் தைப்பவர்களும் துணி வைக்க வாடகைக்கு எடுத்த, தரைக்கு அடியிலுள்ள என் குடோனில், சனிக்கிழமை இரவுகளில் பாட்டும் குதியாட்டமும் கேட்பதாகத் தெருச் சங்கத்து அங்கமுத்து சொல்கிறார். ஞாயிறு மாலை அதை மூடச் சொல்லும் மனுவோடு வருவார். கட்டடத்துச் சொந்தக்காரன் என்று என் கையெழுத்து வேண்டுமாம். யாரிடமும் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சத்தம் உங்களுடையதுதானா? கேட்டது தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயக்கத்துடன்,
அர்த்தநாரி, மேல்மாடி


4-6-2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

எங்களுடையதுதான். ஏழு மாதமாக ஆடுகிறோம். மேலே இருக்கும் உங்களுக்கே கேட்டதில்லை. சுவர் நெடுகக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். சத்தத்தை அந்தத் துணி குடித்துவிடும். தீப்பிடிக்கும், உடனே அகற்றுங்கள் என்று போன மாதம் மூன்று பக்கம் எழுதியது நீங்கள்தான் ஐயா. அகற்றினோம்.

கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம், பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தாலும் எங்களுக்குள் பேர் தெரியாது. ஒடிசாக்காரி, ராம்நாட்டுக்காரன், அவ்வளவுதான். இங்கே வந்துதான் பேர் கேட்டுக்கொண்டோம். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை வந்து பாருங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. செருப்பை வெளியே விட வேண்டும்.

இப்படிக்கு,
வேல்விழி


9-6-2025

அன்புள்ள வேல்விழிக்கு,

நியாயமாக முடிவெடுக்கவே சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வந்தேன். ‘எட்டே கால், முப்பத்திரண்டு பேர்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு குறிப்பு இல்லை. அந்த ஒடிசாப் பெண் என் பேரைக் கேட்டுக் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் ஆடவில்லை, அங்கும் இங்கும் நகர்ந்தேன். ஆனால் எல்லோரும் சேர்ந்து என் பேரைக் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கிறது.

நேற்று அங்கமுத்து மனுவோடு வந்தார். “ஏனுங்க சார், உங்க பேரச் சொல்லிக் கத்துனாங்களே, உங்க ஊட்டு விசேஷமுங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“பொறந்தநாளுங்களா?”

“ஆமாங்க.”

“வாராவாரமுங்களா?”

இல்லை என்று சொல்ல வரவில்லை. “ஆமாங்க” என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஒடம்பப் பாத்துக்கங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

மூட்டைகளைத் திரும்ப அடுக்குங்கள். நான்கு மணல் வாளிகள் வாங்கியிருக்கிறேன். தீயணைக்கும் சிலிண்டர் இரண்டும் நாளை வரும்.

ஒரு விஷயம். அன்று யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். சனிக்கிழமை எட்டு மணிக்குத் திருப்பித் தர வருகிறேன். அதற்காக மட்டும்தான்.

அர்த்தநாரி