லிகிதா போட்ட பொத்தான்

குப்பம்

அன்பு நைனாவுக்கு, தனுஜா வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

எங்கள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் லிகிதா என்று நாலு வயதுப் பெண். வெந்நீர் பட்டதில் வலக்கை விரல்கள் இறுகிவிட்டன. விரல் பயிற்சி என்றாலே அழுவாள். அதனால் கிண்ணத்தின் விளிம்பில் துணி கிளிப் மாட்டும் விளையாட்டைத் தொடங்கினேன். முதல் நாள் என் காதிலேயே மாட்டிவிட்டாள். வலிக்கவில்லை, பயப்படாதீர்கள்.

நேற்று கவுன் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்தாள். "நான் கையே வைக்கல டீச்சர், பாப்பாவே போட்டுக்கினு வந்துச்சு!" என்று சொல்லி அவள் அம்மா வாசலிலேயே அழுதுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நைனா.

நம் தறியில் நூல் தீர்ந்த காலி பாபின் இருந்தால் வேண்டும். பிள்ளைகள் அடுக்கி விளையாடுவார்கள். பஸ்ஸில் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள். ஒரு வேளை என் கையால் சாப்பிட்டுப் போகலாம். ஒருத்திக்குச் சமைத்தால் எப்போதும் மிஞ்சிப்போகிறது.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள் தனுஜா